மலக்குமார் வைத்த சுன்னத்து

கல்முனையில் ஆசுபத்திரி மர வாங்கில் மகனின் குடலிறக்கத்தைக் காட்டக் காத்திருந்தபோது, ஒரு பெரியவர் பேரனுடன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளைத் தொப்பி, மருதோன்றி பூசிய தாடி, மூக்கைத் துளைக்கும் அத்தர். தாதி, கச்சான் கடலை விற்பவன் என்று எதிரில் வந்த எவரையும் விடாமல் பேரனைப் பற்றிப் பெருமையடித்தார். பேரனோ கையில் ஒரு பிளாஸ்டிக் சொப்பின் பேக்குடன் தலைகுனிந்து நின்றான்.

"பொறக்கக்குள்ளயே மலக்குமார் சுன்னத்து வச்சி அனுப்பின புள்ள தம்பி இவன்."

வானவர்களே சுன்னத்து செய்து அனுப்பியதாக அவர் சொன்னாலும், என் மச்சானின் மகனுக்கும் இப்படித்தான் பிறக்கும்போதே முன்தோல் பாதியாக இருந்தது. அது பிறவிக் குறை, சத்திரசிகிச்சையால் சரியானது.

"மூத்திரம் நேரா போகுதா?" என்று கேட்டேன்.

"இல்ல, கால்லதான் வடியும். ஓட்டை அடியில இரிக்காம், ஒப்பரேசன் செய்யணுமாம் எண்டு டொக்டர் சொன்னாரு. மலக்குமார்ர வேலையில மனிசன் கத்தி வைக்கிறதா?"

பள்ளிக்கூடத்தில் பொடியன்மார் இவனைக் கேலி செய்வதையும் அவரே சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

"பொறகு என்னத்துக்கு இவனக் கூட்டி வந்திரிக்கீங்க?"

"இவனுக்கில்ல தம்பி, எனக்கு. மூத்திரம் அடைச்சிப் போச்சி. நாளைக்கு ஒப்பரேசன்."

அப்போதுதான் அவருடைய இடுப்புச் சாரத்துக்குள்ளிருந்து வந்த குழாயைக் கண்டேன். அது பேரனின் கையிலிருந்த சொப்பின் பேக்குக்குள் போனது. கிழவரின் மூத்திரத்தைத்தான் அவன் அவ்வளவு நேரமும் சிந்தாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.