தீவுக் கங்காருகளுக்குப் புல் போடுகிறவள்

விலங்குப் பூங்காவில் வேலை என்றால் ஆட்கள் பெரிதாக நினைக்கிறார்கள். உண்மையில் அது காலையில் சாணம் அள்ளி, பகலெல்லாம் மழையில் நனைந்து, பின்னேரம் முழங்கால் வலியோடு பஸ் ஏறுகிற வேலை. லண்டனில் ஷிப்ட் அடிக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கேர் ஹோமிலும் பெற்றோல் ஸ்டேஷனிலும் நீங்கள் படுகிற பாட்டைத்தான் நான் தெற்கு லண்டனில் சட்டன் என்கிற ஊருக்கு வெளியே ஒரு சின்னப் பூங்காவில் கங்காருகளோடு படுகிறேன். அவுஸ்திரேலியாவின் தென்கரைக்கு அப்பால் கங்காரு தீவு என்று ஒன்று இருக்கிறது. அந்தத் தீவுக்கே உரிய கருமண்ணிற வம்சம் எங்கள் கங்காருகள். உங்களுக்கும் எனக்கும் ஒரேயொரு வித்தியாசம்: சில நாட்களில் நான் வேலையை மறந்து வாய் பிளந்து நின்றுவிடுவேன்.

யாருடைய சாப்பாடு?

நான் சேர்ந்த புதிதில், சாப்பாட்டு அறைக்குள் வருகிற, என்னோடு வேலை செய்கிற ஸ்டீவ் மூக்கை உறிஞ்சிவிட்டு என்னைப் பார்ப்பான். அறை முழுக்கக் கறி வாசம். எனக்கும் அடித்தது. ஆனால் நான் கொண்டுபோனது பாணும் பட்டரும். அங்கே நான் ஒருத்திதான் தமிழ். வேலைக்கும் புதிது. பாணைத் தூக்கிக்கொண்டு மூலையில் போய் இருந்தேன்.

எங்கள் மேற்பார்வையாளர் ஹெலன் லீவு முடிந்து வந்ததும் என்னைப் பெரிய ஆண் கங்காருவின் வேலியோரம் கூட்டிப்போனாள். காற்று எங்கள் பக்கம் திரும்பியது. யாரோ வெந்தயமும் பெருஞ்சீரகமும் வறுப்பதுபோல இருந்தது. இந்த இனத்தில் வளர்ந்த ஆண்களின் உடம்பில் இப்படி ஒரு வாடை வருமாம். கொட்டகை கூட்டித் துடைத்த எங்கள் உடுப்போடு அது அறைக்குள் வந்திருக்கிறது. புல்லும் இலையும் மட்டும் தின்கிற ஒரு சீவன் எங்கள் குசினி வாசத்தோடு நிற்பதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விஷயம் ஸ்டீவுக்குப் போனது. அவனும் சேர்ந்து சில கிழமைகள்தான். முகம் சிவக்க வந்து சொன்னான்: "உன்னிடம் அந்தக் கறி எப்படிச் செய்வது என்று கேட்க இவ்வளவு நாளும் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தேன்."

அவசரமில்லாதவர்கள்

குரோய்டனில் இருந்து ஒரு சென்னைக்காரர் மனைவியோடு வந்தார். ஐ.டி. வேலை. டிவியில் பார்த்த சிவந்த, மெலிந்த, பறந்து பாய்கிற கங்காருவை எதிர்பார்த்து வந்தவருக்கு ஏமாற்றம். எங்களுடையது குட்டை, கட்டுமஸ்து, கம்பளிபோல அடர்ந்த மயிர், காது நுனியில் கறுப்பு. இதுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் கேட்டார்.

இல்லை என்று சொல்லி, எனக்கு ஹெலன் சொன்னதை நானும் சொன்னேன். கடல் உயர்ந்து தீவு தனித்துப்போய்ப் பல ஆயிரம் வருடம். அங்கே காட்டுநாயும் இல்லை, நரியும் இல்லை. ஓடித் தப்ப வேண்டிய தேவை குறையக் குறைய, உடம்பும் நடையும் தலைமுறை தலைமுறையாக மாறிவிட்டன. அந்த நேரம் ஒரு பெண் கங்காரு மேய்ந்தபடி நகர்ந்தது. முன்கைகளை ஊன்றி, வாலையும் நிலத்தில் ஊன்றி, பின்னங்கால் இரண்டையும் ஊஞ்சல்போல முன்னுக்கு வீசியது. வால் அதற்கு ஐந்தாவது கால். அவர் வீடியோ எடுப்பதை நிறுத்தினார். பிறகு மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "துரத்த ஆளே இல்லாத ஊர்ல பொறந்தா இப்படித்தான் நடப்போம் போல."

ஒரு அவரைக்கொட்டை

பிரசவம் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். கறுப்பி என்று நான் பெயர் வைத்த பெண் கங்காரு ஒருநாள் காலை கொட்டகைச் சுவரில் முதுகைச் சாய்த்து, வாலைக் கால்களுக்கிடையே முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் ஹெலனைக் கூப்பிட்டேன். மூச்சு விடாமல் நின்றோம்.

வந்தது ஒரு அவரைக்கொட்டை அளவு. ரோஸ் நிறம், மயிர் இல்லை, கண் திறக்கவில்லை. கறுப்பி நக்கித் துடைத்ததோடு சரி, தூக்கவில்லை. அந்தக் கொட்டை இரண்டு முன்கையாலும் தாயின் மயிரைப் பற்றி, நீச்சலடிப்பதுபோல மேலே மேலே ஏறியது. ஓரிடத்தில் நின்றது. விழப்போகிறது என்று என் கை தானாக முன்னால் போனது. ஹெலன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அது மறுபடி ஏறி, பையின் விளிம்பைக் கண்டு, உள்ளே போய் மறைந்தது. பிறந்து சில நிமிடம்தான் ஆகியிருந்தது. என் கண் நனைந்திருந்தது. மூன்று பிள்ளை பெற்ற ஹெலன் கண்ணைத் துடைத்தபடி சொன்னாள்: "என்னுடைய மூன்றும் இன்றைக்கும் சாப்பாட்டு மேசைக்குத் தாங்களாக வருவதில்லை."

வெக்கை

போன கோடையில் வெயில் கொளுத்திய நாள். கங்காருகள் எல்லாம் நிழலில் கிடந்து முன்கைகளை நக்கிக்கொண்டே இருந்தன. முன்கைத் தோலுக்கு மிக அருகில் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. எச்சில் காயக் காய உள்ளே இரத்தம் குளிரும். கிழக்கு லண்டன் பார்க்கிங் ஊரில் இருந்து வந்த ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இதைக் கேட்டுவிட்டு, வியர்த்த முகத்தைக் கைலேஞ்சியால் ஒற்றிக்கொண்டு சொன்னா: "எங்கட ஃபிளாட்டை விட இதுகளுக்கு வசதி கூடத்தான், என்ன தங்கச்சி."

நாய்

இலையுதிர்காலத்தில் ஒரு பின்னேரம். கயிற்றை அறுத்துக்கொண்டு ஒரு நாய் வேலிக்கு அடியால் உள்ளே புகுந்துவிட்டது. எங்கள் கங்காருகள் அதுவரை நாயை இவ்வளவு கிட்டத்தில் கண்டதில்லை. ஆனாலும் முதலில் கண்ட பெண் கங்காரு பின்னங்காலால் நிலத்தில் ஓங்கி அடித்தது. அந்த அதிர்வு என் பூட்ஸ் வழியாக ஏறியது. அடுத்த கணம் எல்லாம் சிதறி ஓடின. மெதுவானவர்கள் என்று நான் சொல்லித்திரிந்தவர்கள், காற்றுப்போல.

ஓட்டத்தில் கறுப்பியின் பை தளர்ந்து குட்டி புல்லில் விழுந்தது. மயிர் முளைத்து, பையிலிருந்து தலைநீட்டத் தொடங்கிய குட்டி. ஸ்டீவ் நாயை அமுக்கிப் பிடித்து வெளியே இழுத்துப்போனான். நான் குட்டியைத் தூக்கக் குனிந்தேன். நில் என்றாள் ஹெலன். நாங்கள் தொட்டு, தாய் இன்னும் மிரண்டால் திரும்பி வராமலே போகலாம். வராவிட்டால் துணிப்பையில் போட்டு நாங்கள்தான் வளர்க்கவேண்டும், பிழைக்குமோ தெரியாது. ஈரப் புல்லில் அது நடுங்கிக்கொண்டு கிடந்தது. அதைச் சுற்றித் தூக்க நான் என் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன்.

தூரத்தில் கறுப்பி நின்றாள். காதுகள் இரண்டும் திரும்பின. தொண்டைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய சத்தம் வந்தது. குட்டி எழும்பி, விழுந்து, மறுபடி எழும்பித் தள்ளாடிப் போனது. அவளும் எதிரே வந்தாள். முன்னுக்குக் குனிந்து பையைத் திறந்து கொடுத்தாள். குட்டி தலைகீழாகப் பாய்ந்தது. கொஞ்ச நேரம் இரண்டு கால்கள் மட்டும் வெளியே ஆடின. பிறகு அவையும் உள்ளே போயின.

வேலிக்கு வெளியே நாயின் சொந்தக்காரி அழுதுகொண்டு நின்றாள். வெள்ளைக்காரப் பெண், என் வயது இருக்கும். அவளைத் திட்டுவதற்கென்றே நான் வேலிப் பக்கம் போனேன். அவள் சொன்னாள்: "நான் தொண்டை கிழியக் கூப்பிட்டேன், என் நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தத் தாய் ஒருமுறைதான் கூப்பிட்டாள்."

இத்தனை மழையிலும் சாணத்திலும் இந்தக் கங்காருகளில் ஒருவர்கூட எனக்கு நன்றி சொன்னதில்லை. பின்னேரம் வாசல் கேற்றைப் பூட்டும்போது நான்தான் அந்த நன்றியை இவர்களுக்குச் சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிறேன்.