அழுக்கு ஜன்னல் வழியாக வந்தவர்

அவருக்கு நட்டு என்று பெயர் வைத்தது யார் என்பதை இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை. சலவைக்கூடத்தில் எந்த மெஷின் நின்றாலும், "எங்கேயோ ஒரு நட்டு கழண்டிருக்கு" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார். ஆறு மாதம் பொறுமையாகக் கேட்ட மற்றவர்கள், கழண்டது மெஷினில் இல்லை என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். ஒருநாள் யாரோ "நட்டண்ணே" என்று கூப்பிட, இவர் திரும்பிப் பார்த்துத் தொலைத்தார். பட்டப்பெயருக்குத் திரும்பிப் பார்க்கவே கூடாது. பார்த்தால் ஒட்டிக்கொள்ளும்.

அது வீட்டுத் துணி துவைக்கிற இடம் இல்லை. ஆஸ்பத்திரியும் ஓட்டல்களும் மூட்டை மூட்டையாக அனுப்புகிற விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் வேனில் வந்து இறங்கும். துவைத்து, பிழிந்து, காயவைத்து, மடித்து டிராலியில் ஏற்றி அனுப்புவார்கள். நட்டு அங்கே பதிமூன்று வருஷம் மெக்கானிக். முதலாளியம்மாவுக்கும் ஒரு பெயர் உண்டு, அவர் காதில் விழாத தூரத்தில் மட்டும். கஞ்சி. சேலை, குரல், முதுகு எல்லாமே கஞ்சி போட்டுத் தேய்த்த மாதிரி விறைப்பாக இருக்கும். துணி பிழியும் பழைய மெஷினுக்குக்கூடப் பெயர் இருந்தது. பெரியம்மா. கிளம்பும்போது முனகுவாள், கிளம்பிவிட்டால் யாராலும் வாயை அடைக்க முடியாது.

பெரியம்மா பாஷை நட்டுவுக்கு மட்டும்தான் புரியும். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்று வைத்திருந்தார். முனையை மெஷினின் வயிற்றில் வைத்து, மரக் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். டாக்டருக்குப் படிச்சு பெயில் ஆன மாதிரி இருக்கு என்று மடிக்கிற பெண்கள் சிரிப்பார்கள். ஆனால் கண்ணைத் திறந்து, "இடது பக்கம் பேரிங், இன்னும் பத்து நாள் தாங்கும்" என்றாரென்றால் பதினோராம் நாள் அது போய்விடும்.

இப்படிப்பட்ட மனிதர் ஏன் வேலையை விட்டார்? ஒரு கல்லால்.

சலவைக்கூடத்து முன்வாசலில் ஒரு படி இருந்தது. கருங்கல், முழங்கால் பாதி உயரம். துவைத்த துணி டிராலி வேனுக்குப் போகும்போதெல்லாம் நாலு பேர் சேர்ந்து தூக்கி அந்தப் படியைத் தாண்ட வைக்க வேண்டும். மாதம் ஒரு சக்கரம் உடையும். இந்தப் படியை எடுத்துவிட்டுச் சாய்வாகத் தளம் போடுங்கள் என்று நட்டு ஒன்பது வருஷம் கேட்டார். அது எங்க அப்பா வச்ச கல்லு என்று கஞ்சியம்மா ஒன்பது வருஷம் ஒரே பதிலைச் சொன்னார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் ஆள் போதவில்லை. நட்டுவும் ஒரு கை கொடுத்தார். சக்கரம் கல்லில் மாட்டி, டிராலி குப்புற விழுந்து, ஆஸ்பத்திரியின் வெள்ளை விரிப்பு அத்தனையும் சேற்றில் பரந்து படுத்தன. கஞ்சியம்மா வெளியே வந்தார். வேன் டிரைவர், மடிக்கிற பெண்கள், எதிர் டீக்கடைக்காரர் எல்லாரும் பார்க்க, கண்ணு எங்க இருந்துச்சு என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

நட்டு கையைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கல்லையே மெக்கானிக்கா வச்சுக்குங்கம்மா. இனிமே இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, அதே படியை மிதித்துத்தான் வெளியே போனார் என்பதை அன்றைக்கு யாரும் சுட்டிக்காட்டவில்லை. பெரிய மனசு.

அடுத்த வாரமே ஒரு பெரிய ஓட்டலில் வேலை கிடைத்தது. தரைக்குக் கீழே, ஏசி போட்ட சலவை அறை, காலர் வைத்த சட்டை. மெஷின்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் அவையே சின்னத் திரையில் எழுதிக் காட்டும். காதை வைத்துக் கேட்க ஒன்றும் இல்லை. நட்டுவுக்கு அது ரொம்பப் பெருமையாகவும் கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியில் போட மனசில்லாமல், பேண்ட் பாக்கெட்டிலேயே சும்மா வைத்துக்கொண்டு அலைந்தார்.

பிறகு நாட்டில் காசு எங்கே போய் ஒளிந்ததோ, பயணம் வருகிறவர்கள் குறைந்தார்கள். ஓட்டலில் முதலில் மூன்று மாடிகளுக்கு விளக்கை அணைத்தார்கள். பிறகு சலவை அறைக்கு. நிலைமை சரியானதும் கூப்பிடுகிறோம் என்றார்கள். நட்டு அதை நம்பி நாலு மாதம் போனைச் சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொண்டார். குளிக்கப் போனாலும் வாளிக்குப் பக்கத்தில் போன் இருக்கும். கூப்பிட்டதெல்லாம் லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள்தான்.

அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. அங்கேயும் முழு நாளை அரை நாளாக்கிவிட்டார்கள். அரை நாள் சம்பளத்தில் முழு நாள் பசி அடங்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். நட்டு வீட்டில் இருந்த மிக்ஸியைத் தேவையில்லாமல் மூன்று தடவை கழற்றி மாட்டினார். மூன்றாம் தடவை ஒரு ஸ்க்ரூ மிச்சம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் காய்கறிக் கடையில் பாக்கெட்டக்கா எதிரே வந்தார். சலவைக்கூடத்தில் அழுக்குத் துணியைப் பிரிக்கிறவர். மெஷினில் போடுமுன் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கை விட்டுத் துழாவுவார். பேனா, ஊசி, ஒருமுறை பல்செட்டுகூட எடுத்திருக்கிறார். நட்டுவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெரியம்மா ஒரு வாரமாக இருமுகிறாள், புதிதாக வந்த இரண்டு மெக்கானிக்கும் கையை விரித்துவிட்டார்கள் என்றார். அம்மா நேற்று உன்னைப் பற்றி விசாரித்தார், வெள்ளிக்கிழமை வந்து பார்க்கச் சொன்னார் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, தக்காளியை அமுக்கிப் பார்க்கிற மாதிரி நட்டுவின் முகத்தைப் பார்த்தார்.

"வரமாட்டேன்னு சொல்லிட்டு வந்தேனேக்கா."

"வேலைக்கு வரமாட்டேன்னா சொன்னே? வாசப்படிய மிதிக்க மாட்டேன்னுதானே சொன்னே தம்பி. நான் பக்கத்துலதான் நின்னேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். போவதா வேண்டாமா என்று அவர் ஒரு மணி நேரம் தனக்குத்தானே பட்டிமன்றம் நடத்தினார். போனால், எல்லார் எதிரிலும் விட்ட வார்த்தையை எல்லார் எதிரிலும் விழுங்க வேண்டும். போகாவிட்டால் மிக்ஸியை நாலாம் தடவை கழற்ற வேண்டும். கடைசியில் அவள் நிமிர்ந்தாள்.

"ஜன்னல் வழியா போங்க. ஜன்னல மிதிக்க மாட்டேன்னு சொல்லலையே."

கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் நட்டு சிரிக்கவில்லை. யோசித்தார். அவள் கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கணவனைக் கவலையோடு பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் இதற்கு மாத்திரை ஏதாவது கொடுப்பார்களா என்று நினைத்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நட்டு எதிர் டீக்கடையில் நின்று வாசலை நோட்டம் விட்டார். வாசலை அடைத்து ஒரு வேன் நின்றது. வேனுக்கும் சுவருக்கும் நடுவில், வாசலில் ஒரு ஈரச் சாக்கு விரித்திருப்பது மட்டும் தெரிந்தது. கால் துடைக்கச் சாக்கு போட்டிருக்கிறார்கள். நான் இருந்தபோது கால் துடைக்க ஒரு கந்தல் இல்லை, இப்போது எந்த மகாராஜாவுக்கோ மரியாதை என்று பொருமினார். பின்பக்கக் கதவு அவர் காலத்தில் எப்போதும் பூட்டித்தான் இருக்கும். உடைந்த டிராலிகளை அங்கேதான் குவிப்பார்கள். அதனால் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

மிச்சம் இருந்தது அழுக்கு ஜன்னல். பக்கச் சுவரில், வேன் உயரத்துக்கு ஒரு சதுரத் திறப்பு. அழுக்கு மூட்டையை வெளியிலிருந்து உள்ளே தள்ளினால், தகரச் சறுக்கில் வழுக்கிக்கொண்டு பாக்கெட்டக்காவின் காலடியில் போய் விழும். மூட்டை போகிற வழியில் மனுஷன் போகக் கூடாதா என்ன? நட்டு அக்கம்பக்கம் பார்த்தார். ஒரு காலிப் பெட்டியை இழுத்துப் போட்டு ஏறி, தலையை விட்டார். தலை போயிற்று. தோள் போயிற்று. நாலு வருஷ ஓட்டல் சாப்பாடு மட்டும் ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்று யோசித்தது. மூச்சை உள்ளே இழுத்து ஒரு உந்து உந்தினார்.

தகரம் தடதடவென்று சத்தம் போட்டது. ஆஸ்பத்திரி விரிப்புக் குவியலில் தலைகீழாகப் போய் விழுந்தார்.

பாக்கெட்டக்கா பதறவில்லை. முப்பது வருஷமாக அந்தச் சறுக்கில் என்னென்னவோ வந்து விழுந்திருக்கிறது. குனிந்து, பழக்க தோஷத்தில் அவர் பேண்ட் பாக்கெட்டில் கை விட்டார். ஸ்க்ரூடிரைவர் வந்தது.

"மெஷின்ல போடறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன்," என்றார். அப்புறம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரக் கைப்பிடி காது பட்டுப் பட்டு வழவழவென்று இருந்தது. வேறு யாரையும் கூப்பிடாமல், அவரைக் கை கொடுத்து எழுப்பிவிட்டார். அந்த உபகாரம் அரை நிமிஷம்தான் நிலைத்தது. மடிக்கிற பெண்கள் ஒவ்வொருத்தியாக எட்டிப் பார்த்துவிட்டார்கள். அழுக்கு எந்த அளவு, வெந்நீரா பச்சைத் தண்ணியா என்று ஒருத்தி விசாரித்தாள். காலர் மட்டும் தனியாகத் தேய்க்கணும் என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பு சட்டென்று நின்றது. கஞ்சியம்மா வந்திருந்தார். தலை நரைத்திருந்தது, விறைப்பு மட்டும் அப்படியே.

"வாசல் என்ன பண்ணுச்சு மெக்கானிக்?"

நட்டு தலையில் ஒட்டியிருந்த தலையணை உறையை எடுத்தார். நாலு மாதமாகச் சேர்த்துவைத்திருந்த வசனம் எல்லாம் சறுக்கிலேயே தங்கிவிட்டது. "மிதிக்க மாட்டேன்னு சொன்னேன்ல," என்றார். குரல் பள்ளிக்கூடத்துக்கு லேட்டாக வந்த பையன் குரலாக இருந்தது.

கஞ்சியம்மா திரும்பி முன்வாசல் பக்கம் நடந்தார். நட்டு பின்னாலேயே போனார். வெளியே தள்ளப்போகிறார் என்றுதான் நினைத்தார். சோற்றுக்கு வந்த இடத்தில் கோமாளி வேஷம் கட்டியாயிற்று, இனி மனைவியிடம் போய் என்ன சொல்வது?

அதற்குள் வேன் போயிருந்தது. வாசலில் வெயில் அடித்தது. கஞ்சியம்மா குனிந்து அந்த ஈரச் சாக்கை ஓரமாக விலக்கினார்.

கல் இல்லை. அது இருந்த இடத்தில் சாய்வாக, பச்சை வாடை போகாத சிமெண்டுத் தளம். காய்ந்து வெடிக்காமல் இருக்கத்தான் அந்தச் சாக்கு. கருங்கல் வெளியே சுவரோரம், வேலையை விட்டு அனுப்பப்பட்ட மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

நட்டு ஒரு கால் எடுத்து வைக்கப் போனார்.

"மிதிக்காதீங்க," என்றார் கஞ்சியம்மா. "இன்னும் காயல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஒருத்தரும் மிதிக்கக் கூடாது. எல்லாரும் பின்கதவு வழியாத்தான் வர்றோம். திறந்துதான் கிடக்கு."

நட்டு காலை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார். மன்னிப்பு என்ற சொல் இரண்டு பேர் வாயிலும் வரவில்லை. டிராலிச் சக்கரம் சும்மா சும்மா உடைகிறது, அதனால்தான் என்று கஞ்சியம்மா கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கல் மறுக்கவில்லை.

அப்புறம் அவர் நேராகவே பேசினார். ஓட்டல் துணி பாதியாகிவிட்டது. ஆஸ்பத்திரி மட்டும்தான் ஒழுங்காக அனுப்புகிறது. வாரத்தில் நாலு நாள்தான் வேலை தர முடியும்.

"அதுவும் எத்தன மாசத்துக்குன்னு எனக்கே தெரியாது. பொய் சொல்லிக் கூப்பிட மாட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க."

நாலு மாதம் கூப்பிடுகிறோம் கூப்பிடுகிறோம் என்று கேட்டிருந்த காதுக்கு, தெரியாது என்ற அந்தச் சொல் எவ்வளவோ மேலாக இருந்தது. யோசிக்க நேரம் இருந்திருக்கும், ஆனால் உள்ளேயிருந்து பெரியம்மா இருமினாள். வறட்டு இருமல். நட்டுவின் கழுத்து தன்னால் அந்தப் பக்கம் திரும்பியது.

"நட்டு கழண்டிருக்கு," என்றார்.

மடிக்கிற பெண்கள் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார்கள். பாக்கெட்டக்கா ஸ்க்ரூடிரைவரை நீட்டினார். நட்டு பெரியம்மாவின் வயிற்றில் முனையை வைத்து, காதைக் கொடுத்து, கண்ணை மூடினார். ரொம்ப நேரம் திறக்கவே இல்லை. இவ்வளவு நேரம் கேட்க அதில் ஒன்றும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி எல்லாரும் துணி மடித்தார்கள். அப்புறம் கண்ணைத் திறந்து, பெல்ட் பக்கம் போல்ட் தளர்ந்திருக்கிறது, ஒரு மணி நேர வேலை என்றார். கண் ஓரத்தைச் சட்டைக்கையில் ஒற்றினார். சோப்புத் தூளாம்.

வீட்டில் மனைவி முதலில் கேட்டது, எந்த வழியா உள்ள போனீங்க என்று. உண்மையைச் சொன்னார். நாலு மாதத்துக்கு அப்புறம் அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை சாக்கை எடுத்துவிட்டார்கள். முதல் டிராலியை நட்டுவே தள்ளினார். ஆஸ்பத்திரியின் வெள்ளை விரிப்பு, கழுத்துவரை அடுக்கியது. ஒரு ஆள் தள்ள, சர்ரென்று வாசலை நோக்கிப் போனது. சாய்வு தொடங்குகிற இடத்தில் மட்டும் சக்கரம் லேசாக ஒரு துள்ளு துள்ளியது. நட்டு நின்று குனிந்து பார்த்தார். கொத்தனார் பூச்சை முடித்த இடத்தில் ஒரு விரல் உயரத்துக்கு மேடு. இதைப் போட்டபோது கண்ணு எங்க இருந்துச்சு?

வாயைத் திறந்தார். அலுவலக அறை ஜன்னலிலிருந்து கஞ்சியம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

நட்டு வாயை மூடிக்கொண்டார். டிராலியை வேன் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, பெட்டியிலிருந்து உளியும் சுத்தியும் எடுத்து வந்து, வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த ஒரு விரல் மேட்டைத் தானே மெல்லத் தட்டிச் செதுக்க ஆரம்பித்தார்.