ஆஷூரா நாளின் சீனித் தண்ணீர்

முஹர்ரம் பிறை தெரிவதற்கு ஒரு மாதம் முன்பே எங்கள் வீட்டில் கறுப்புக் காப்பி கசக்கத் தொடங்கிவிடும். அந்தக் கசப்பு நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு மதியம் வரை இறங்காது. பங்கீட்டில் கிடைக்கும் சீனியை உம்மா தகர டப்பாவில் போட்டுப் பூட்டிவிடுவாள். வாப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிப்பார். ஒன்பது வயதுப் பெண்ணான நான் குடிக்காமலே சுளிப்பேன்.

அவசரகாலம் அது, வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட காலம். அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, வெளியே போக ஒரே ஒரு ‘கேட்டு’ வைத்திருந்தார்கள். அதன் உட்புறத்தில் வாப்பாவின் மளிகைக் கடை. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகத் தடை. ஒரு போத்தல் தண்ணீர் மட்டும் போகலாம், அதுவும் சீனிகூடக் கலக்காத வெறுந்தண்ணீராக. காவலுக்கு நின்ற மலாய்க்கார ‘ஹோம்கார்டு’ பாக் சாலே ஒவ்வொரு போத்தலிலும் சில சொட்டுகளை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

முஹர்ரம் புனித மாதம்தான், துக்கம் காக்கச் சொல்லி மார்க்கத்தில் இல்லை என்று வாப்பா சொல்வார். உம்மா மறுத்துப் பேச மாட்டாள். கர்பலாவில் நபிகளின் பேரரையும் அவர் வீட்டுப் பிள்ளைகளையும் ஆற்றை மறித்துத் தாகத்தோடு கொன்றதை நினைத்து, முதல் பத்து நாளும் கடை வாசலில் சீனித் தண்ணீர்ப் பானையை வைத்துவிடுவாள். “தொண்டை காஞ்சு ஒருத்தரும் நம்ம வாசலத் தாண்டக் கூடாது” என்பது அவள் பேச்சு. வேலைக்குப் போகிறவர்கள் குடித்துவிட்டுக் கேட்டைத் தாண்டுவார்கள். வயிற்றுக்குள் போனதைச் சோதிக்க அரசாங்கத்திடம் வழி இல்லை.

அந்த வருஷம் பால் வெட்டும் மாரியாயி அக்காளுக்கு ஏழாவது மாதம். முஹர்ரம் ஒன்பதாம் நாள் பசியில் மயங்கி மரத்தடியிலேயே விழுந்துவிட்டாள். மறுநாள் பத்தாம் நாளான ஆஷூரா, கர்பலாவில் அவர்களைக் கொன்ற நாள்; எனக்கு அது முதல் நோன்பு. விடிந்ததும் உம்மா அவளுடைய போத்தலை வாங்கி, பானையிலிருந்து நிரப்பிக் கொடுத்ததைப் பார்த்தேன். பிடிபட்டால் சிறை, அது லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பாக் சாலே போத்தலைத் திறந்து உள்ளங்கையைக் குவித்தார், அப்படியே நிறுத்திக்கொண்டார். “சாயா புவாசா லா” என்றார். அவருக்கும் அன்று நோன்பு. சுற்றிப் பார்த்து, சின்னப் பிள்ளைக்கு நோன்பு இருக்காது என்று நினைத்தோ என்னவோ, கடை வாசலில் நின்ற என்னைக் கூப்பிட்டுப் போத்தலை நீட்டினார். “குடிச்சுச் சொல்லு. கோசோங்கா, மானிஸா?” வெறுந்தண்ணீரா இனிப்பா என்று கேட்கிறார். மாரியாயி அக்காள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கை நீட்டினேன்.

போத்தல் என் கைக்கு வரவில்லை. உம்மா வாங்கிக்கொண்டாள். “மானிஸ்தான் பாக். நாந்தான் ஊத்துனேன். மாரியாயிக்கு ஒண்ணும் தெரியாது.”

“பாய்வூட்டம்மா, வேணாம்மா” என்று அக்காள் அழுதாள். பாக் சாலே கொட்டிவிடச் சொன்னார்.

“கொட்ட மாட்டேன். இன்னிக்கு என்ன நாளுன்னு ஒங்களுக்குத் தெரியும். தண்ணிய மண்ணுல ஊத்த என் கை வராது. இங்கனயே அவ குடிக்கட்டும்.”

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அத்தனை பேரும் வரிசையில் நிற்க, அக்காள் கேட்டருகிலேயே கடைசிச் சொட்டு வரை குடித்து, வெறுந்தண்ணீர் நிரப்பிக்கொண்டு வேலைக்குப் போனாள். பாக் சாலே தன் கடமையையும் விடவில்லை, மேலே சொல்லிவிட்டார். போலீஸ் வந்து, கடைக்குப் பொறுப்பாளி என்று வாப்பாவை அழைத்துப்போய், நோன்பு திறக்கும் நேரத்துக்குத்தான் விட்டது. கடையை ஒரு மாதம் பூட்டினார்கள்.

“வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்ல?” என்று வாப்பா கேட்டார்.

“அப்ப இந்தப் புள்ள தொறந்திருக்கும்” என்றாள் உம்மா. மறு வருஷமும் பானையை வைத்தாள். வாப்பா அந்த வருஷம் முகம் சுளிக்கவில்லை.

இன்று வேலியும் இல்லை, லயமும் இல்லை. கேட்டு இருந்த இடத்தில் சிக்னல் விளக்கு மாறி மாறி எரிகிறது. ஆஷூராக் கஞ்சி பள்ளிவாசலிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவில் வீடு தேடி வருகிறது, அதை வழியில் யாரும் திறந்து சோதிப்பதில்லை. யாரிடமும் நான் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். அன்று கை நீட்டியபோது, ஒரு மிடறு குடித்துவிட்டு ‘கோசோங்’ என்று சொல்வதாகத்தான் இருந்தேன். நோன்பு முறிந்திருக்கும், பொய்யும் சேர்ந்திருக்கும். அக்காள் போத்தலோடு போயிருப்பாள், கடையும் தப்பியிருக்கும். இன்றைக்கு என்னை அதே இடத்தில் நிறுத்தினாலும் அப்படித்தான் செய்வேன். குறுக்கே வந்து போத்தலை வாங்கிக்கொள்ள உம்மாதான் இல்லை.