சிவம் அண்ணையிடம் நான் திருப்பிக் கொடுத்த சாவி

சிவம் அண்ணை போய்விட்டார்... காலையில் அவருடைய மகள் வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தார். நித்திரையிலேயே போனாராம், வேதனை இல்லாமல்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பெரிய ஆறுதல்தான் வந்தது. ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

டோர்செட் பார்க் பகுதியில் நாங்கள் முந்தி இருந்த கட்டடத்தின் சூப்பரின்ரென்டன்ற் அவர். எது பழுதானாலும் எல்லோரும் அவரைத்தான் தேடுவோம்.

அந்த நேரம் என் மூத்தவள் துளசி கிரேட் டூ. பள்ளிக்கூடத்தில் கதைப்பதையே நிறுத்திவிட்டாள். ஒரு சொல் கூட இல்லை... காலையில் சப்பாத்தைக் கண்டாலே சத்தி எடுப்பாள்.

ஸ்கூல் போர்டுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் வைத்துப் படிப்பிக்கத் தொடங்கினேன். அடுத்த வருடம் சின்னவள் மீனுவும் சேர்ந்துகொண்டாள்.

நான் பக்டரி வேலையை விட்டேன். என் கணவருடைய சம்பளம் மட்டும்தான். ஹோம்ஸ்கூல் பாடப் பெட்டிகளின் விலையைப் பார்த்துவிட்டு லப்டொப்பை மூடினேன்.

லைப்ரரிப் புத்தகங்கள், டொலர் கடைக் கொப்பிகள். கடை விளம்பரத் தாளான பிளையரில் வரும் மரக்கறி விலைகளை வைத்துக் கணக்கு... அப்படித்தான் போனது.

வீடோ ஒரு பெட்ரூம். இரவு வேலை முடிந்து வந்து இவர் பகலில் படுப்பார். கதைக்க மறுத்த பிள்ளைக்கு நான் குசினி மேசையில் கிசுகிசுத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தேன்.

ஒருநாள் சிங்க் திருத்த வந்த சிவம் அண்ணை எங்களைப் பார்த்துவிட்டுத் தானும் குரலைத் தாழ்த்தினார். அடுத்த நாள் ஒரு சாவியோடு வந்து கதவில் தட்டினார்.

"கீழ பார்ட்டி ரூம் சும்மாதான் கிடக்குது, தங்கச்சி. ஒஃபிசிலயும் கேட்டிட்டன். மத்தியானம் வரைக்கும் பாவியுங்கோ, கதிரையளைத் திருப்பி அடுக்கி விட்டாச் சரி."

அந்த அறையில்தான் துளசி முதன்முதல் சத்தமாக வாசித்தாள். எங்களுக்கு மட்டும். வேறு யாராவது எட்டிப் பார்த்தால் வாய் மூடிவிடும்.

சிவம் அண்ணைக்கும் தலையசைப்புத்தான். அவரும் திருப்பித் தலையசைத்துவிட்டுப் போவார். ஏன் பிள்ளை கதைக்கிறதில்லை என்று ஒருநாளும் கேட்கவில்லை... மற்ற எல்லோரும் கேட்டார்கள்.

வீடு மாறிப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் சாமான்களில் நல்லதாக ஏதாவது இருந்தால் எங்களுக்கு எடுத்து வைப்பார். ஒரு பக்கம் நசிந்த குளோப். ஒரு வைட்போர்ட். உது உங்களுக்கு உதவுமோ என்று கேட்டுத்தான் தருவார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை. சிறுவர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். பள்ளிக்கூட நேரத்தில் இரண்டு பிள்ளைகள் வீட்டில் அடைபட்டுக் கிடப்பதாக யாரோ போன் பண்ணியிருக்கிறார்களாம்.

கொப்பிகளைப் பார்த்தார். பிரிட்ஜைத் திறந்து பார்த்தார். துளசியிடம் என்னென்னவோ கேட்டார்... அவள் வாயே திறக்கவில்லை.

பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்றே நினைத்தேன். மூன்று கிழமை ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

பிரச்சினை ஒன்றுமில்லை என்று கடிதம் வந்தது. ஆனால் போன் பண்ணியது யார்?

நாங்கள் பகலில் என்ன செய்கிறோம் என்று தெரிந்த ஒரே ஆள் சிவம் அண்ணை என்று நானே முடிவு கட்டினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவியை ஒரு கடித உறையில் போட்டு அவருடைய அறைக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

அங்கிருந்து வீடு மாறும் வரை அவரோடு கதைக்கவில்லை. அவர் எலிவேற்றரில் நின்றால் நான் படியால் ஏறினேன். ஏழாம் மாடிக்கு.

பாடம் மறுபடியும் குசினிக்கு வந்தது. அந்தப் பனிக்காலம் முழுக்கத் துளசி சத்தமாக வாசிக்கவே இல்லை. அது என்னால் வந்த வினை.

போன வருடம் மீனுவின் பிறந்தநாளில், கேக் வெட்டி முடிந்த பிறகு, என் மச்சாள் தானாகவே சொன்னார். அன்றைக்குப் போன் பண்ணியது தான்தானாம். பிள்ளை வீட்டுக்குள்ளேயே கிடந்து ஊமையாகிவிடும் என்று பயந்தாராம்.

(இதை எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். எழுது என்றார்.)

அவரோடு கோபப்படக்கூட அந்த நேரம் தோன்றவில்லை. சிவம் அண்ணையின் முகம்தான் முன்னால் வந்து நின்றது.

போய் மன்னிப்புக் கேட்க எட்டு மாதம் எடுத்தேன். வெட்கம்... அவருக்குக் கான்சர், கடுமை என்று கேள்விப்பட்ட பிறகுதான் ஓடினேன். போன மாதம். துளசியும் வந்தாள்.

மெலிந்துபோய்ப் படுத்திருந்தார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு, "ஓம், கவலைதான் தங்கச்சி. நான் என்ன பிழை விட்டனான் எண்டு வீட்டில மனுசியைக் கேட்டுக்கொண்டு திரிஞ்சன்" என்றார்.

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"பிள்ளையளைப் பறிகுடுக்கப் போறன் எண்டு பயந்த தாய் ஆரைத்தான் நம்புவா? இப்ப வந்திட்டியள்தானே. இருங்கோ."

இருந்தேன். அப்போது பின்னாலிருந்து துளசி கேட்டாள், "அங்கிள், தண்ணி வேணுமோ?"

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அத்தனை வருடப் பழக்கத்தில் அவளுடைய குரலை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஓம் பிள்ளை... கொஞ்சம் தாங்கோ."

பிறகு ஒரு மணித்தியாலம் அவர்கள் இருவரும்தான் கதைத்தார்கள். தானாகவே கேட்டு இந்த வருடம் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருப்பதை, சயன்ஸ் பிடிக்கும் பிரெஞ்ச் பிடிக்காது என்பதையெல்லாம் அவளே சொன்னாள். நான் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டு கேட்டேன்.

வெளிக்கிடும்போது என் கையைப் பிடித்து, "நல்லா வளத்திருக்கிறியள்" என்றார்.

இறுதிக் கிரியை எங்கே, எப்போது என்று வீட்டார் அறிவித்ததும் கொமென்றில் போடுகிறேன். அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் கட்டாயம் வாருங்கள்.

போயிட்டு வாங்கோ அண்ணை. நீங்கள் உயிரோட இருக்கேக்கையே மன்னிப்புக் கேட்டுப்போட்டன்... எனக்கு அது போதும்.