அடிபட்ட காருக்கு மதிப்பு

என் கணவர் விபத்தில் இறந்தது எங்கள் காரில்தான். அதைப் பழுது பார்த்து முடித்ததும், விலை மதிக்க இலுப்பூரிலிருந்து ஒரு புரோக்கரை வரவழைத்தார் என் கொழுந்தன்.

புரோக்கர் கதவுகளை விரல்முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டார். "பட்டி பாத்த வண்டிங்க, வெல கொறஞ்சுதான் போகும். ஆளு யாரும் எறந்தாங்களா? அப்படின்னா பாதிகூடத் தேறாது."

"சேச்சே, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லைங்க."

தண்ணீரோடு வாசலுக்கு வந்த என்னைக் கொழுந்தன் பதறி மறித்தார். "உள்ள போங்க அண்ணி. ஒங்க நெத்தியப் பாத்தா கண்டுபிடிச்சிருவான்" என்று காதோரம் சொன்னார்.

பொட்டில்லாத நெற்றியோடு சமையலறைக்குப் போனேன். கூடத்தில் மாட்டியிருந்த அவர் படம், மாலையோடு அரிசி டிரம்முக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. பேரம் முடியும்வரை நாங்கள் இருவரும் சத்தம் காட்டாமல் அங்கேயே இருந்தோம்.