விடுதிக்காரி பற்றி உலகம்மாளின் அபிப்பிராயம்

கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜ். அதன் வரவேற்பு மேஜையில் பிரஜின் பல வருஷங்களாக உட்கார்ந்திருக்கிறான். பாறசாலைக்காரன். காலையில் ஆனவண்டி என்கிற அரசு பஸ் பிடித்து வந்து, அடையாள அட்டைகளை நகலெடுத்து, சாவி கொடுத்து, பேன்ட் போட்டுப் போய்க் கோயில் வாசலில் திருப்பியனுப்பப்பட்டவர்களுக்கு வேட்டிக்கடையைக் கைகாட்டி, சாயங்காலம் வீடு திரும்புகிற வாழ்க்கை. பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மலையாளம். தமிழைக் கற்றுக்கொடுத்தது சபையின் ஞாயிறு பள்ளி. ஆராதனையில் வேதபாடம் வாசிக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். அத்தனை நன்றாக வாசிப்பான். அந்தத் திறமைக்கு வேறு வேலை எதுவும் கிடைக்காததால் கைபேசியில் தமிழ்த் தொடர்கதைகள் படிக்க ஆரம்பித்தான்.

இப்படிப்பட்ட ஆளைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கைபேசிக்குள் அவன் பெரிய மனுஷன். தொடர்கதைச் செயலியில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழே வாசகர்கள் அபிப்பிராயம் எழுதுவார்கள். அதிக விருப்பம், அதாவது லைக், வாங்கியது மேலே ஏறி நிற்கும். பிரஜினுடையது எப்போதும் மேலேதான் நிற்கும். சிலர் கதையை விட்டுவிட்டு நேராக அதைத் தேடி வருவதாகச் சொல்லிக்கொண்டார்கள். வெளியே ஒருத்தரும் மதிக்காத ஆளுக்கு இது போதாதா, தலை கொஞ்சம் சுற்றத்தான் சுற்றியது.

அவன் விழுந்து கிடந்த கதைக்கு நீலவாசல் என்று பெயர். கௌசிக் என்ற பையன் தலையில் ஒரு கவசத்தை மாட்டிக்கொண்டு கணினி விளையாட்டு உலகத்துக்குள் போகிறான், வெளியே வர வழி தெரியாமல் மாட்டிக்கொள்கிறான், அரக்கர்களை வெட்டிச் சாய்த்துக் கடைசியில் தப்பித்து வீட்டுக்கு வந்துவிடுகிறான். அது முடிந்ததும் எழுத்தாளர் ஒரு கிளைக்கதை தொடங்கினார். மூலக்கதையில் நாலு வரிக்கு வந்துபோன ஒரு விடுதிக்காரியின் கதை. அவள் பெயர் மாதுளை. அவள் விளையாட வந்தவள் இல்லை, அந்த உலகத்திலேயே உண்டாக்கப்பட்டவள். தான் ஒரு விளையாட்டுக்குள் இருப்பது அவளுக்குத் தெரியாது. கௌசிக் மறுபடி வருவான் என்று மாடி அறையைப் பெருக்கி வைத்துக் காத்திருக்கிறாள். சண்டை எங்கே, வாள் எங்கே என்று வாசகர்கள் கொதித்தார்கள். சோறு வடிப்பதைப் படிக்கவா பணம் கட்டினோம் என்று ஒருவர் கேட்டிருந்தார்.

லாட்ஜில் துணி மடிக்கிறவள் உலகம்மாள். சங்கரன்கோவில் பக்கம். கட்டட வேலைக்கு வந்த புருஷனோடு இங்கே வந்தவள். சலவைக்குப் போய்வந்த விரிப்புகளை மத்தியானம் வரவேற்பறைக்குப் பின்னால் உட்கார்ந்து மடிப்பாள். அவளுக்கு எழுத்து தெரியாது. கூட்டமில்லாத அந்த நேரத்தில் பிரஜின் கதையை உரக்க வாசிப்பான், அவள் கேட்பாள். வெட்டுக்குத்து வந்தபோதெல்லாம் கொட்டாவி விட்டவள், விடுதிக்காரி வந்த பிறகு மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தாள். விருந்தாளியே வராத விடுதிக்கு அரிசி யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டாள். மாதுளைக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாதா என்று கேட்டாள். கேட்டதோடு விடவில்லை, இதையெல்லாம் எழுதினவருக்குத் தெரிவிக்கச் சொன்னாள். ஊருக்குக் கடுதாசி எழுதச் சொல்கிற மாதிரி, "நான் சொல்லுதத அப்படியே போடு தம்பி" என்பாள்.

முதல் தடவை அவன் அப்படியே போட்டான். அக்கா சொல்லுதாவ என்று தலைப்புக் கொடுத்து, அவள் பேச்சையே எழுதினான். மறுநாள் பார்த்தால் விருப்பங்கள் குவிந்திருந்தன. அக்கா யார், அக்காவை மறுபடி கூட்டி வாருங்கள் என்று ஒரே ஆரவாரம். இரண்டாவது தடவை கொஞ்சம் உப்பு காரம் சேர்த்தான். மூன்றாவது தடவை அவள் சொல்லாததையே எழுதினான். கவசம் என்றால் ஹெல்மெட் என்று நினைத்து, அந்தப் பையன் எந்த ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிறானோ என்று அக்கா ஒப்பாரி வைத்ததாக எழுதினான். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவளுக்குக் கவசம் என்னவென்று நன்றாகவே புரிந்திருந்தது. எழுதும்போது மனசு லேசாக உறுத்தியது. யாருக்குத் தெரியப்போகிறது, அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். இந்த இடத்தில் அவன் செவிட்டில் ஒன்று வைக்கலாம் போல இருக்கிறது எனக்கு.

பிறகு அந்த அத்தியாயம் வந்தது. மாதுளை ஒவ்வொரு வேளையும் கௌசிக்குக்கு ஒரு தட்டுச் சோறு எடுத்து மூடி வைக்கிறாள். அதை வாசித்து முடித்ததும் உலகம்மாள் நிமிராமலே சொன்னாள்.

"நானும் வச்சிருந்தேன் தம்பி. பூனைதான் தின்னுச்சு."

புருஷன் எறணாகுளத்தில் வேலையாக இருக்கிறார் என்றுதான் லாட்ஜில் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். அன்றைக்கு உள்ளதைச் சொன்னாள். புருஷன் இசக்கிப்பாண்டி, கொத்தனார் கூட்டத்தோடு அங்கே போனவன். முதலில் போன் வந்தது, பிறகு வரவில்லை. அவனுக்கு அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது கூட வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும், அவன் தம்பிக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. வருவான் வருவான் என்று அவளிடம் தலையாட்டிவிட்டு, அவள் நகர்ந்ததும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொள்வார்களாம். அவள் சோறு எடுத்து வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுதினவருக்கு ஒரு சேதி சொன்னாள்.

"அவன் இனி வரமாட்டாம்னு யாராச்சும் அவகிட்ட நேராச் சொல்லணும். சுத்தி இருக்கவுக எல்லாருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாதுன்னா அது பாவம்லா. இத மறக்காம எழுது."

பிரஜின் சரி என்றான். அவனுக்கும் அவள்மேல் இரக்கமாக இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து கைபேசியை எடுத்ததும் விரல் பழகின வழிக்கே போனது. பூனையை எழுதினான். அக்கா தட்டை மூடி வைக்க, பூனை தினமும் வந்து வீட்டுக்காரர் மாதிரி சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனதாக எழுதினான். அவள் மறக்காமல் எழுதச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டான். அதில் சிரிப்பு இல்லை. நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் விருப்பங்கள் வர ஆரம்பித்துவிட்டன.

எழுத்தாளரையும் குறை சொல்ல முடியாது. திட்டு வாங்கி நொந்துபோனவர், வாசகர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார். அடுத்த அத்தியாயத்தில் விடுதிச் சமையற்கட்டுக்கு ஒரு வேலைக்காரி வந்தாள். அக்கா என்றே பெயர். உலகம்மாளின் பேச்சு அப்படியே. ஓடிப்போன புருஷனுக்குச் சோறு மூடி வைக்கிறாள், பூனை வந்து தின்கிறது, உன் வீட்டுக்காரன் வந்துட்டான்டி என்று விடுதியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. கிளைக்கதை தொடங்கியதிலிருந்து அத்தனை பாராட்டு வந்ததில்லை. முடிவில் பிரஜினின் பெயரைப் போட்டு எழுத்தாளர் நன்றி சொல்லியிருந்தார்.

அவன் அதைக் காலை பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தான். முதலில் தன் பெயரைத்தான் பார்த்தான், சந்தோஷப்பட்டான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு திரும்பப் படித்தான். உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. தான் எழுதின அக்கா அபிப்பிராயங்களை ஒவ்வொன்றாகத் தேடி அழித்தான். அழித்து என்ன பயன், பலர் எடுத்து வைத்து வேறு இடங்களில் ஒட்டியிருந்தார்கள். அக்கா எங்கே போய்விட்டார் என்று வேறு விசாரித்தார்கள்.

அன்று மத்தியானம் உலகம்மாள் கேட்டபோது, அத்தியாயம் வரவில்லை என்றான். மறுநாள் நெட் இல்லை என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்வதற்காகக் கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். அவளோ, எழுதினவர் தன் பேச்சைக் கேட்டு யோசித்துக்கொண்டிருக்கிறார், அதனால்தான் நேரம் ஆகிறது என்று முடிவு கட்டிவிட்டாள். அறை சுத்தம் செய்கிற ஷாஜியிடம் மலையாளமும் தமிழுமாக அதைப் பெருமையாகச் சொல்வது பிரஜினின் காதிலும் விழுந்தது. கதை எழுதுகிற பெரிய ஆளுக்கு நான் அபிப்ராயம் சொல்லி விட்டிருக்கிறேன் என்றாள். ஷாஜி சிரித்தான். பிரஜினுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சபையில் அந்த ஞாயிற்றுக்கிழமை வாசிக்கக் கூப்பிட்டதற்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டான்.

கடைசியில் அவனுக்குத் தோன்றிய வழி, முதல் தப்பைவிட மோசமான வழி. கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் இருப்பதை விட்டுவிட்டு, தானே ஒரு அத்தியாயம் கட்டி வாசித்தான். ஒரு வயதான வழிப்போக்கர் விடுதிக்கு வருகிறார். சாப்பிட்டு முடித்து, மாதுளையை எதிரே உட்காரச் சொல்லி, அம்மா, அந்தப் பையன் இனி வரமாட்டான் என்று நேராகச் சொல்கிறார். மாதுளை அழுகிறாள். விடுதியில் உள்ளவர்கள் யாரும் எழுந்து போகாமல் அவளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்புறம் ஒருத்தி போய்ப் புதிதாக உலை வைக்கிறாள்.

உலகம்மாள் கையில் விரிப்பைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. எழுதினவர் கேட்டுவிட்டார் என்றாள். நான் சொன்னதை ஒருத்தர் காது கொடுத்துக் கேட்டுச் செய்திருக்கிறார் தம்பி, என் வயசுக்கு இதுதான் முதல் தடவை என்றாள். பிறகு அவருக்கு நன்றி எழுதச் சொன்னாள். எழுது, எழுது என்று அவசரப்படுத்தினாள். பூனை தின்றது தெரிந்த பிறகும் கொஞ்ச நாள் வைத்தேன், பூனையாவது வருதே என்று வைத்தேன், இதை யாரிடமும் சொன்னதில்லை, அவருக்கு மட்டும் தெரியட்டும் என்றாள்.

பிரஜின் விரலைத் திரைமேல் வைத்தான். நகரவில்லை.

"அக்கா, அத அவரு எழுதல்ல. நானாட்டுச் சொன்னது."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவன் தன்னைப் பெருமை பேசுகிறான் என்று நினைத்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். அவர் எழுதினது எங்கே என்று கேட்டாள். அது வேண்டாம் என்றான். வாசி என்றாள். அவன் அவசர அவசரமாக ஓட்டப் பார்த்தான், மெதுவா வாசி என்றாள். வேலைக்காரியின் பேச்சு, மூடி வைத்த தட்டு, பூனை, விடுதியின் சிரிப்பு எல்லாவற்றையும் அவன் வாயாலேயே கேட்டாள். எழுத்தாளர் அவனுக்குச் சொன்ன நன்றியைக்கூட அவன் விடாமல் வாசித்தான். விட்டால் அதுவும் ஒரு பொய் ஆகிவிடும் என்று பயந்தான். முடித்ததும் அவள் கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள்.

"பூனை வெவரம் ஒன்ட்ட மட்டுந்தான சொன்னேன்."

"ஆமாக்கா."

"நேராச் சொல்லணும்னு நான் சொன்னது?"

"அத எழுதல்லக்கா."

மன்னிச்சிருங்க என்று சொல்ல ஆரம்பித்தான். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. இதை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று விசாரித்தாள். நிறைய பேர் என்றான். எல்லாரும் சிரித்தார்களா என்று கேட்டாள், சிரித்தார்கள் என்றான். அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டுத் தொலைத்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

"எழுதும்போது ஒனக்குச் சிரிப்பு வந்துச்சா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் நம்பவும் செய்வாள்.

"வந்துச்சுக்கா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். மிச்சமிருந்த விரிப்புகளை மடித்து அடுக்கி, மாடிக்கு எடுத்துக்கொண்டு போனாள். பிரஜின் அன்றே அந்தச் செயலியில் இருந்து தன் கணக்கை எடுத்துவிட்டான். எழுத்தாளருக்கு உள்ளதைச் சொல்லி ஒரு செய்தி அனுப்பினான். பதில் வரவில்லை. அக்கா இன்னும் அந்த விடுதியின் சமையற்கட்டில்தான் இருக்கிறாள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஏதாவது செய்து சிரிக்க வைக்கிறாள் என்று கேள்வி.

உலகம்மாள் ஒருநாள்கூட வேலைக்கு வராமல் இருக்கவில்லை. மத்தியானம் பின்னால் உட்கார்ந்து மடிக்கிறாள், பார்த்தால் சிரிக்கிறாள், டீ வந்தால் அவனுக்கும் ஒன்று வாங்கி மேஜையில் வைக்கிறாள். ஆனால் அந்த அத்தியாயத்தைக் கேட்ட மறுநாள் காலை அவன் வந்து உட்கார்ந்ததும் மாடியிலிருந்து இறங்கி வந்து, மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள். முதலாளியிடமும் ரூம் எடுக்க வருகிறவர்களிடமும் பேசுகிற மரியாதையான குரலில் சொன்னாள்.

"சாரே, மேல ரெண்டு ரூமுக்கும் விரிப்பு மாத்தியாச்சு."