அத்தை மொழிபெயர்த்த படம்

கண்டியில் மருந்துக்கடையொன்றில் வேலை பார்த்த என் அத்தைக்கு ஒரு சிங்களப் பையனைப் பிடித்திருந்தது. இது கம்பளையில் எங்கள் தெருவுக்கே அரசல் புரசலாகத் தெரியும். அவருடைய அண்ணனான என் அப்பாவிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் தைரியமில்லை. எனக்கோ விஷயமே தெரியாது.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையன்று அத்தை ஓர் ஆங்கிலப் படத்தின் டிவிடியோடு வந்தார். நம்மைப் போலவே இந்தியாவிலிருந்து பிழைக்கப் போய், ஏதோ ஒரு வெளிநாட்டில் கடை வைத்திருக்கும் குடும்பம். அந்த வீட்டுப் பெண் ஒரு கறுப்பின இளைஞனைக் காதலிக்கிறாள். கீழே சிங்களத்தில் எழுத்து ஓடியது. அப்பாவுக்கு ஆங்கிலம் வராது, சிங்களம் பேசுவாரே தவிர வாசிக்க மாட்டார். ஆகவே அத்தை தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"பையனுக்குக் கவர்மெண்ட் வேலையாம் அண்ணே. ஆஸ்பத்திரி லேப்ல."

நான் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுக் குதித்தேன். "அத்தை பொய் சொல்றாங்க! வேலை போயிருச்சுன்னு எழுதியிருக்கு!"

அம்மா என் வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தார்.

"நீ சும்மா இரு, அத்தை சொல்லட்டும்" என்றார் அப்பா. "தண்ணி கிண்ணி போடுவானா?"

"தொடவே மாட்டாராம்."

திரையில் அவன் பியர் போத்தலைத் திறந்துகொண்டிருந்தான். அப்பா அதைப் பார்த்தபடியே திருப்தியாகத் தலையாட்டினார்.

"அவங்க அம்மா என்ன சொல்றாங்க?"

"அவங்களுக்குச் சம்மதமாம். நம்ம பக்கம் சரின்னா வந்து பேசுவாங்களாம்."

அந்த அம்மாவை அடக்கம் செய்து பாதிப் படம் ஓடியிருந்தது. நான் வாயைத் திறந்தேன், இன்னொரு பிஸ்கட் வந்தது.

கடைசியில் அந்தப் பெண் தன்னந்தனியாக ரயிலேறிப் போய்விட்டாள். அத்தை அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "பொண்ணோட அண்ணன்தான் இன்னும் ஒன்னும் சொல்லலையாம்."

அப்பா எழுந்து டிவியை அணைத்தார்.

"ஞாயித்துக்கிழமை அவங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு. தாலி மட்டும் நம்ம கோயில்லதான் கட்டணும். அதையும் சொல்லிரு."

அத்தை விசும்பி விசும்பி அழுதார். அம்மா அவரைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

அந்தப் பெண்ணுக்கு அண்ணனே கிடையாது. அவனுக்கு அம்மாவும் இல்லை. இவ்வளவு வளர்ந்தவர்களுக்கு ஒரு படத்தை ஒழுங்காகப் பார்க்கத் தெரியவில்லையே என்று எனக்கு அவர்கள்மேல் மிகவும் பரிதாபமாக இருந்தது.